டாடா பவர்: மின்சார நிறுவனத்தின் பல தொழில்களும் நம் வீட்டு மீட்டரும்

சின்ன காஞ்சிபுரத்தில் வரதராஜப் பெருமாள் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் இன்றும் தறிச் சத்தம் கேட்கிறது. பட்டுப்புடவை கைத்தறியில்தான் நெய்யப்படுகிறது. ஆனால் தறிக்குழிக்கு மேலே எரியும் விளக்கு, தார் சுற்றும் சிறு மோட்டார், வீட்டின் மின்விசிறி எல்லாமே கரண்டை நம்பி இருப்பவை. வீட்டில் தறி வைத்து நெய்யும் கைத்தறி நெசவாளருக்கு இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் மின்சாரம் கட்டணமில்லாமல் கிடைக்கிறது. 2023 வரை இது 200 யூனிட்டாக இருந்தது. விசைத்தறிக்கு இருந்த 750 யூனிட்டும் அதே ஆண்டில் 1,000 யூனிட்டாக உயர்த்தப்பட்டது.

இந்தத் தெருக்களில் ஒன்றில் நெசவாளர் ஒருவர் நம்மிடம் கேட்டார்: "ஈபியைத் தனியார் கையில குடுத்துடப் போறாங்கன்னு சொல்றாங்களே பாய், டாடா மாதிரி கம்பெனி வந்தா நம்ம இலவச யூனிட் போயிடுமா?"

கேள்வி நியாயமானது. பதில் சொல்ல வேண்டுமானால், டாடா பவர் போன்ற ஒரு பெரிய தனியார் மின் நிறுவனம் உண்மையில் என்னென்ன செய்கிறது, எங்கே லாபம் பார்க்கிறது, எங்கே நட்டப்பட்டது, அந்த நட்டத்தை யார் சுமந்தார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டும். நம் குடும்பங்கள் அறிந்துகொள்வதற்காக அதை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

மலையிலிருந்து ஆலைக்கு: தொடக்கம்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பம்பாய் நகரம் பருத்தி ஆலைகளின் நகரமாக இருந்தது. ஆலைகள் நிலக்கரியை எரித்து நீராவியில் ஓடின. ஊரெங்கும் புகை. நிலக்கரியோ தொலைதூரத்திலிருந்து வர வேண்டியிருந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையில் கொட்டும் மழைநீரைத் தேக்கி, அதிலிருந்து மின்சாரம் எடுத்து ஆலைகளுக்குக் கொடுக்கலாம் என்ற யோசனையைத் தொழிலதிபர் ஜாம்ஷெட்ஜி டாடா கையில் எடுத்தார். 1904ல் அவர் இறந்தபோது அது நிறைவேறியிருக்கவில்லை. அவருடைய மகன்கள் 1910ல் டாடா நீர்மின் நிறுவனத்தைப் பதிவு செய்தனர். 1911ல் லோனாவலா பகுதியில் அணைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 1915ல் கோபோலி மின்நிலையத்திலிருந்து பம்பாய்க்கு மின்சாரம் வந்தது.

கோபோலியின் சிறப்பு அதன் உயரம். மலை மேலுள்ள ஏரிகளின் நீர் ஏறத்தாழ 500 மீட்டர் கீழே குழாய்களில் இறங்கி டர்பைனைச் சுழற்றுகிறது. பிறகு ஆந்திரா பள்ளத்தாக்கு நிறுவனம் பிவ்புரி மின்நிலையத்தையும், டாடா பவர் நிறுவனம் பிரா மின்நிலையத்தையும் அமைத்தன. இந்த மூன்று நீர்மின் நிலையங்களும் இன்றும் மும்பைக்கு மின்சாரம் தருகின்றன. 1956ல் டிராம்பேயில் அனல்மின் நிலையம் வந்தது. இந்தியாவின் முதல் 500 மெகாவாட் மின்உற்பத்தி அலகு 1984ல் இங்கேதான் நிறுவப்பட்டது. தனித்தனியாக இருந்த மூன்று நிறுவனங்களும் 2000ல் ஒன்றாக இணைக்கப்பட்டு, இன்று நாம் அறிந்த டாடா பவர் உருவானது.

முல்ஷி விவசாயிகளின் போராட்டம்

பிரா மின்நிலையத்துக்கு நீர் தருவது பூனா அருகிலுள்ள முல்ஷி அணை. இந்த அணை கட்டப்பட்டபோது, நெல் விளைந்த பள்ளத்தாக்கின் கிராமங்கள் நீரில் மூழ்கும் நிலை வந்தது. 1921ல் அங்குள்ள விவசாயிகள் சத்தியாகிரகம் தொடங்கினார்கள். சேனாபதி பாபட் என்று அழைக்கப்பட்ட பாண்டுரங்க மகாதேவ் பாபட் அதற்குத் தலைமை தாங்கிச் சிறை சென்றார். மூன்று ஆண்டுகள் நீடித்த போராட்டம் அணையைத் தடுக்கவில்லை. 1927ல் பிரா மின்நிலையம் இயங்கத் தொடங்கியது.

பெரிய அணைக்கு எதிரான உலகின் மிகப் பழைய போராட்டங்களில் ஒன்றாக இதை வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகிறார்கள். அணைகளின் தண்ணீர் பற்றிய வாதமும் இன்னும் ஓயவில்லை. கிழக்கே பீமா ஆற்றில் சேர்ந்து வறண்ட சோலாப்பூர் பக்கம் போக வேண்டிய நீரை, மின்சாரத்துக்காக மேற்கே கடல் பக்கம் திருப்பிவிடுகிறார்கள் என்ற குரல் ஒவ்வொரு வறட்சியிலும் மகாராஷ்டிராவில் எழுகிறது.

ஆலைத் தொழிலாளியின் வேலைக்கும் நகரத்தின் விளக்குக்கும் தேவைப்பட்ட மின்சாரம் அது. அதற்கு விலையாக நிலத்தைக் கொடுத்தவர்களோ பம்பாயில் இருந்தவர்கள் அல்லர். நூறு ஆண்டுகள் கழித்து வேறொரு கடற்கரையில் இதே கதை திரும்ப வந்தது. அதைக் கீழே பார்ப்போம்.

தமிழ்நாடு போன வழி வேறு

சென்னைக்கும் தொடக்கத்தில் மின்சாரம் கொடுத்தது தனியார் நிறுவனம்தான். மெட்ராஸ் எலக்ட்ரிக் சப்ளை கார்ப்பரேஷன் என்ற அந்த நிறுவனத்தை 1947ல் மாகாண அரசு ஏற்றுக்கொண்டது. அதற்கு முன்பே பைக்காரா (1932), மேட்டூர் (1937) நீர்மின் நிலையங்களை அரசே கட்டியிருந்தது. 1957 ஜூலை 1ல் மின்சார வாரியம் அமைந்தது. கிராமத்துக்குக் கம்பம் நட்டதும், விவசாயப் பம்புசெட்டுக்கு இணைப்புக் கொடுத்ததும், நெசவாளர் தெருக்களுக்கு விளக்கைக் கொண்டுவந்ததும் இந்த வாரியம்தான்.

வாரியம் 2010ல் பிரிக்கப்பட்டது. 2024ல் மின்உற்பத்திக்கு ஒன்று, பசுமை மின்சாரத்துக்கு ஒன்று, விநியோகத்துக்கு ஒன்று என்று மறுபடியும் பிரிக்கப்பட்டது. நம் வீட்டுக்கு ரீடிங் எடுக்க வருபவர் இப்போது தமிழ்நாடு மின்பகிர்மானக் கழகத்தைச் சேர்ந்தவர். பெயர் மாறினாலும் இது அரசு நிறுவனமே.

ஆனால் இந்தக் கழகம் விற்கும் மின்சாரம் முழுவதும் அரசு தயாரித்தது அல்ல. காற்றாலை, சூரிய மின்சாரம், அனல் மின்சாரம் எனப் பல வகையில் தனியாரிடமிருந்தும் வாங்குகிறது. பில்லில் அரசின் பெயர் இருந்தாலும் கம்பியில் வரும் கரண்டில் தனியார் பங்கு ஏற்கெனவே இருக்கிறது. ஆகவே நம் ஊரில் எழும் கேள்வி, விநியோகம் தனியாரிடம் போகுமா என்பது மட்டுமே.

இன்றைய டாடா பவரின் தொழில்கள்

மின்சாரக் கம்பெனி என்றால் மின்சாரம் தயாரித்து விற்பது என்றுதான் நாம் நினைக்கிறோம். டாடா பவரின் தொழில்கள் அதைவிட விரிந்தவை. சுருக்கமாக:

1. மின்உற்பத்தி: நிலக்கரி, நீர், காற்று, சூரியன் என நான்கு வழியிலும் தயாரிக்கிறது. குஜராத்தின் முந்த்ரா, ஜார்க்கண்டின் மைத்தோன், ஜோஜோபேரா, மும்பையின் டிராம்பே ஆகியவை அதன் பெரிய அனல் நிலையங்கள். 2016ல் வெல்ஸ்பன் நிறுவனத்தின் சூரிய, காற்று மின்நிலையங்களை வாங்கியது. தமிழ்நாட்டில் உடுமலைப்பேட்டைப் பக்கம் பூளவாடியில் அதன் காற்றாலைகள் உள்ளன.

2. மின்கடத்தல்: உயர் அழுத்தக் கோபுரங்கள் வழியாக மின்சாரத்தைக் கொண்டுசெல்வது. பூட்டானின் தாலா நீர்மின் நிலையத்தில் கிடைக்கும் மின்சாரத்தை டெல்லிப் பக்கம் கொண்டுவரும் பாதையை, அரசு நிறுவனமான பவர்கிரிட்டுடன் கூட்டாக அமைத்தது.

3. விநியோகம்: மும்பையின் ஒரு பகுதி, வடக்கு டெல்லி, ஒடிசா மாநிலம் முழுவதும், ராஜஸ்தானின் அஜ்மீர் நகரம். இவை எல்லாம் சேர்த்து 1 கோடியே 20 லட்சத்துக்கும் அதிகமான மின் இணைப்புகள்.

4. நிலக்கரிச் சுரங்கம்: இந்தோனேசியாவின் கலிமந்தானில் உள்ள பெரிய சுரங்க நிறுவனத்தில் 30 சதவீதப் பங்கு.

5. சூரியத் தகடு தயாரிப்பு: 1989ல் பிரிட்டிஷ் எண்ணெய் நிறுவனமான பி.பி.யுடன் கூட்டாகப் பெங்களூரில் தொடங்கிய தொழில். இப்போது திருநெல்வேலி மாவட்டம் கங்கைகொண்டானில் பெரிய ஆலை.

6. கூரை சோலார், மின்வாகனச் சார்ஜிங்: வீடு, கடை, ஆலைக் கூரைகளில் தகடு அமைப்பது; நெடுஞ்சாலைகளிலும் நகரங்களிலும் ஆயிரக்கணக்கான சார்ஜிங் முனைகளை நடத்துவது.

7. வெளிநாட்டு முதலீடு: பூட்டானில் நீர்மின் நிலையங்களில் பங்கு, ஆப்பிரிக்காவில் ஜாம்பியாவில் நீர்மின் நிலையத்தில் பங்கு, ஜார்ஜியா நாட்டில் ஷுவாகேவி நீர்மின் நிலையத்தில் பங்கு. ஷுவாகேவி இருக்கும் அஜாரா மலைப்பகுதி, முஸ்லிம்கள் அதிகம் வாழும் பகுதி. அங்கே 2017ல் சுரங்கப்பாதை இடிந்ததால் நிலையம் நின்று, 2020ல்தான் மீண்டும் இயங்கியது.

8. ஆயுதத் தளவாடம்: பலருக்கும் வியப்பாக இருக்கும். பினாகா ராக்கெட் ஏவுவாகனம் தயாரித்தவற்றுள் டாடா பவரின் ஒரு பிரிவும் உண்டு. 2020ல் அந்தப் பிரிவு டாடா குழுமத்தின் வேறொரு நிறுவனத்துக்கு மாற்றப்பட்டது.

இந்தப் பட்டியலில் ஓர் ஒழுங்கு தெரிகிறது. மண்ணுக்கடியில் இருக்கும் நிலக்கரி முதல் வீட்டு மீட்டர் வரை, இடையில் உள்ள ஒவ்வொரு கட்டத்திலும் நிறுவனம் ஒரு கால் வைத்திருக்கிறது. ஒரு கட்டத்தில் நட்டம் வந்தால் இன்னொன்றில் ஈடுகட்டலாம் என்பது நோக்கம். ஆனால் எல்லாக் கட்டங்களும் ஒரே மாதிரி அல்ல. கடத்தலிலும் விநியோகத்திலும் அரசு ஒழுங்குமுறை ஆணையம் செலவைக் கணக்கிட்டு, அதற்கு மேல் ஒரு குறிப்பிட்ட லாபத்தை அனுமதிக்கிறது. உற்பத்தியில் ஏலத்தில் சொன்ன விலைக்கு நிற்க வேண்டிய ஒப்பந்தங்கள் உண்டு. சுரங்கத்தில் உலகச் சந்தை விலை. எந்தக் கட்டத்தில் யார் தலையில் சுமை விழுகிறது என்பதை டெல்லியும் முந்த்ராவும் காட்டுகின்றன.

டெல்லி: திருட்டும் இழப்பும் குறைந்த கதை

2002 ஜூலையில் டெல்லி அரசு தன் மின்விநியோகத்தை மூன்று நிறுவனங்களாகப் பிரித்துத் தனியாரிடம் கொடுத்தது. வடக்கு, வடமேற்கு டெல்லி டாடா பவருக்கு வந்தது. நிறுவனத்துக்கு 51 சதவீதம், டெல்லி அரசுக்கு 49 சதவீதம்.

அப்போது அந்தப் பகுதியில் நூறு ரூபாய் மின்சாரம் அனுப்பினால் பாதிப் பணம்கூடக் கைக்கு வரவில்லை. கம்பியில் வீணாவது, கொக்கி போட்டுத் திருடுவது, மீட்டர் ஓடாதது, பில் கட்டாதது எல்லாம் சேர்ந்து இழப்பு 50 சதவீதத்துக்கும் மேல் இருந்தது. இன்று அது 10 சதவீதத்துக்கும் கீழே. பழைய மீட்டர்களை மாற்றியது, கம்பிகளைப் புதுப்பித்தது, குடிசைப் பகுதிகளில் முறையான இணைப்புக் கொடுத்தது ஆகியவை இதற்குக் காரணங்கள். மின்வெட்டும் குறைந்தது. இந்தச் சாதனையை மறுப்பதற்கில்லை.

ஆனால் கதைக்கு மறுபக்கமும் உண்டு. மின்சாரம் வாங்கும் செலவு ஏறியபோது, கட்டணத்தை உடனே ஏற்றாமல் அந்தத் தொகையைப் பிறகு வசூலித்துக்கொள்ளலாம் என்று ஒழுங்குமுறை ஆணையம் தள்ளிவைத்தது. அந்த நிலுவை, வட்டியும் சேர்ந்து, டெல்லியின் மூன்று நிறுவனங்களிலும் ஆயிரக்கணக்கான கோடியாக வளர்ந்தது. 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இத்தகைய நிலுவைகளைக் காலக்கெடுவுக்குள் தீர்க்க வேண்டும் என்று நாடு முழுவதற்கும் உத்தரவிட்டது. கடைசியில் அதைக் கட்டப்போவது நுகர்வோர், அல்லது மானியம் கொடுக்கும் அரசு. இந்த நோய் தனியாருக்கு மட்டும் உரியதல்ல. அரசு நிறுவனங்கள் நடத்தும் மாநிலங்களிலும் இருக்கிறது.

தனியார் வந்தாலே எல்லாம் சரியாகிவிடும் என்பதும் உண்மையல்ல. இந்தியாவில் முதன்முதலில் மின்விநியோகத்தைத் தனியாரிடம் கொடுத்த மாநிலம் ஒடிசா. அது 1999ல். அங்கே வந்த நிறுவனங்களில் ஒன்று, பெரும் புயலுக்குப் பிறகு சில ஆண்டுகளிலேயே கைவிட்டுப் போனது. மற்றதன் உரிமத்தை 2015ல் ஒழுங்குமுறை ஆணையம் ரத்து செய்தது. 2020, 2021ல்தான் நான்கு பகுதிகளும் டாடா பவரிடம் வந்தன. அங்கும் 49 சதவீதம் அரசிடமே உள்ளது.

முந்த்ரா: மலிவு விலையின் கணக்கு

2006ல் குஜராத்தின் கட்ச் கடற்கரையில் முந்த்ராவில் 4,000 மெகாவாட் அனல்மின் நிலையம் கட்ட ஏலம் நடந்தது. யூனிட்டுக்குச் சராசரியாக 2 ரூபாய் 26 காசு என்று சொல்லி டாடா பவர் வென்றது. ஐந்து மாநிலங்கள் 25 ஆண்டுகளுக்கு மின்சாரம் வாங்க ஒப்பந்தம் போட்டன. நிலக்கரி இந்தோனேசியாவிலிருந்து வரும். அதற்காகவே 2007ல் அங்குள்ள சுரங்கங்களில் நிறுவனம் பங்கு வாங்கியது.

கணக்கு சரியாகத்தான் தோன்றியது. ஆனால் இந்தோனேசிய அரசு நிலக்கரியைச் சர்வதேச விலைக்குக் குறைவாக ஏற்றுமதி செய்யக்கூடாது என்று விதி கொண்டுவந்தது. 2011ல் அது முழுமையாக நடைமுறைக்கு வந்ததும் நிலக்கரி விலை ஏறியது. முந்த்ரா ஒவ்வொரு யூனிட்டிலும் நட்டப்பட்டது. சுரங்கத்தில் பங்கு இருந்ததால் அங்கே லாபம் கிடைத்தாலும், முந்த்ராவின் நட்டத்தை அது முழுமையாக ஈடுகட்டவில்லை.

நிறுவனம் கூடுதல் விலை கேட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2017 ஏப்ரலில் நீதிமன்றம் சொன்னது: வெளிநாட்டில் விலை ஏறியதைத் தவிர்க்க முடியாத பேரிடராகக் கருத முடியாது, ஏலத்தில் விலை சொன்னவர் அந்த ஆபத்தையும் சேர்த்தே ஏற்றிருக்கிறார். அதன் பிறகு, முந்த்ராவின் 51 சதவீதப் பங்கை ஒரே ஒரு ரூபாய்க்கு எடுத்துக்கொள்ளுமாறு டாடா பவர் மாநிலங்களிடம் கேட்கும் நிலை வந்தது. 2022ல் நாட்டில் மின்தட்டுப்பாடு வந்தபோது, மத்திய அரசு மின்சாரச் சட்டத்தின் 11வது பிரிவைப் பயன்படுத்தி, இறக்குமதி நிலக்கரியில் ஓடும் நிலையங்களை இயக்கச் சொல்லி, எரிபொருள் செலவுக்கேற்ற விலையையும் அனுமதித்தது.

ஒப்பந்தத்தில் சொன்ன சொல்லைக் காப்பது நம் மார்க்கத்திலும் வலியுறுத்தப்படும் ஒன்று. பெரிய நிறுவனத்தையும் அந்தச் சொல்லுக்குள் நிறுத்தியது நீதிமன்றத் தீர்ப்பு. தட்டுப்பாடு வந்ததும் அந்தச் சொல்லைத் தளர்த்த வேண்டிய கட்டாயம் அரசுக்கே ஏற்பட்டது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் மலிவு விலை ஏலத்தின் முழுக் கணக்கு புரியும்.

கடற்கரையில் இருந்தவர்கள்

முந்த்ராவின் கரையில் வாகேர் சமூகத்தைச் சேர்ந்த முஸ்லிம் மீனவர்கள் காலங்காலமாக மீன் பிடித்து வருகிறார்கள். ஆண்டின் பெரும்பகுதி கடற்கரையிலேயே குடில் போட்டுத் தங்கி, மீனைக் காயவைத்து விற்பது அவர்களது வாழ்க்கை. வரி ஏடுகளில் அந்தக் குடில்கள் ஊராகப் பதிவாகவில்லை. அனல்நிலையம் கடலில் விடும் சூடான நீரால் மீன் வளம் குறைந்தது, நிலத்தடி நீர் உப்பானது, நிலக்கரித் தூசி பரவியது என்று அவர்கள் முறையிட்டனர். நிறுவனம் இந்தக் குற்றச்சாட்டுகளை ஏற்கவில்லை.

இந்த நிலையத்துக்கு உலக வங்கிக் குழுமத்தைச் சேர்ந்த ஐ.எஃப்.சி. 45 கோடி டாலர் கடன் கொடுத்திருந்தது. அதன் உள்தணிக்கை அமைப்பே 2013ல், பருவகால மீனவர்களைச் சரியாகக் கலந்தாலோசிக்கவில்லை என்று தன் அறிக்கையில் குறை சொன்னது. 2015ல் மீனவர்களும் விவசாயிகளும் அமெரிக்காவில் ஐ.எஃப்.சி. மீது வழக்குத் தொடர்ந்தனர். முதல் மனுதாரரான கட்ச் மீனவர் புதா இஸ்மாயில் ஜாமின் பெயராலேயே வழக்கு அறியப்பட்டது. 2019 பிப்ரவரி 27ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், சர்வதேச நிறுவனங்களுக்கு வழக்கிலிருந்து முழு விலக்கு கிடையாது என்று 7க்கு 1 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. உலகச் சட்டக் கல்லூரிகளில் பாடமாகும் தீர்ப்பு அது. ஆனால் பிறகு கீழ் நீதிமன்றங்கள், சம்பவம் பெரும்பாலும் இந்தியாவில் நடந்தது என்று சொல்லி வழக்கைத் தள்ளுபடி செய்தன. 2022ல் உச்ச நீதிமன்றமும் மறுபடி விசாரிக்க மறுத்தது. சட்டத்தில் வென்றும், இழப்பீடு அவர்கள் கைக்கு வரவில்லை.

இது நமக்குத் தூரத்துக் கதை அல்ல. முந்த்ராவைப் போலவே 4,000 மெகாவாட் அனல்நிலையம் ஒன்று, அப்போது காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்த செய்யூரிலும் அறிவிக்கப்பட்டது. விவசாயிகளும் மீனவர்களும் எதிர்த்தனர். ஏலத்தில் தனியார் நிறுவனங்கள் பின்வாங்கின. 2015ல் ஏலம் ரத்தானது, நிலையம் வரவில்லை. வந்திருந்தால் செய்யூர்க் கரையிலும் அதே கேள்விகள் எழுந்திருக்கும்.

கங்கைகொண்டானும் நம் வீட்டுக் கூரையும்

தமிழ்நாட்டில் டாடா பவரின் மிகப் பெரிய இருப்பு கங்கைகொண்டான் சிப்காட்டில் உள்ள சூரியத் தகடு ஆலைதான். 2022ல் ஏறத்தாழ 3,000 கோடி ரூபாய் முதலீட்டுக்கு மாநில அரசுடன் ஒப்பந்தம் போடப்பட்டது. ஆண்டுக்கு 4.3 கிகாவாட் தகடு செய்யும் திறன் கொண்டது. 2023ல் தகடு தயாரிப்பும், 2024ல் அதன் உள்ளே வைக்கும் சூரிய செல் தயாரிப்பும் தொடங்கின. வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். தென் மாவட்டங்களின் டிப்ளமோ, ஐ.டி.ஐ. படித்த பிள்ளைகள். நம் குடும்பத்துப் பெண் பிள்ளைகள் இப்படிப்பட்ட வேலைக்குப் போவதாக இருந்தால், ஷிப்ட் நேரம், தங்குமிடம், நிரந்தர வேலையா ஒப்பந்த வேலையா என்பதைக் கேட்டறிந்து அனுப்புவது நல்லது.

கூரை சோலார் பற்றியும் சொல்ல வேண்டும். 2024 பிப்ரவரியில் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தில் வீடுகளுக்கு 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் 78,000 என மானியம் கிடைக்கிறது. பல நிறுவனங்களின் முகவர்கள் இதைச் சொல்லித் தெருத்தெருவாக வருகிறார்கள். கையெழுத்துப் போடும் முன் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள்.

1 கிலோவாட் தகடு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 4 யூனிட் தரும். இரண்டு மாதத்துக்கு 240 யூனிட். கைத்தறி நெசவாளர் வீட்டுக்கு 300 யூனிட் ஏற்கெனவே இலவசம். அந்த வீட்டின் உபயோகம் 300க்குள் இருந்தால், தகடு போட்டு மிச்சப்படுத்த ஒன்றுமே இல்லை. கடன் வாங்கிப் போட்டால் வட்டிதான் மிச்சம். மாறாக, ஏசி ஓடும் வீடு, கடையும் வீடும் சேர்ந்த மாடி வீடு, இரண்டு மாதத்துக்கு 500, 600 யூனிட் தாண்டும் கூட்டுக் குடும்பம் ஆகியவற்றுக்குச் சோலார் உண்மையிலேயே லாபம். ஓட்டுக் கூரை என்றால் எடை தாங்குமா என்று கொத்தனாரைக் கேட்ட பிறகே முடிவு செய்ய வேண்டும். பள்ளிவாசல் போன்ற வழிபாட்டுத் தலங்களுக்குத் தமிழ்நாட்டில் தனிக் கட்டணப் பிரிவு உள்ளது. மேலே சொன்ன மானியம் வீடுகளுக்கானது. ஜமாஅத் நிர்வாகிகள் இதை மனதில் வைத்தே விலைப் பட்டியலைப் பார்க்க வேண்டும்.

நெசவாளரின் கேள்விக்குப் பதில்

இனி முதல் கேள்விக்கு வருவோம். தனியார் வந்தால் இலவச யூனிட் போய்விடுமா?

டெல்லியின் பெரும்பகுதியில் மூன்று தனியார் நிறுவனங்கள்தான் விநியோகம் செய்கின்றன. ஆனாலும் 2019 ஆகஸ்டிலிருந்து மாதம் 200 யூனிட் வரை பயன்படுத்தும் வீடுகளுக்கு அங்கே கட்டணம் இல்லை. நிறுவனம் தானமாகக் கொடுக்கவில்லை. அந்தப் பணத்தை டெல்லி அரசு நிறுவனத்துக்குக் கட்டுகிறது. மின்சாரச் சட்டம் 2003ன் 65வது பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது: எந்தப் பிரிவினருக்காவது மானியம் கொடுக்க மாநில அரசு விரும்பினால், அந்தத் தொகையை விநியோக நிறுவனத்துக்கு முன்கூட்டியே கொடுக்க வேண்டும். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு 2016 முதல் தரப்படும் 100 யூனிட்டும், நெசவாளருக்கான 300 யூனிட்டும் இதே வழியில் அரசுப் பணத்தில் வருபவைதான்.

ஆகவே, இலவச யூனிட்டைக் கொடுப்பதும் எடுப்பதும் மாநில அரசின் கையில், அதாவது பட்ஜெட்டில் இருக்கிறது. விநியோகம் யார் கையில் என்பது அதை நேரடியாகத் தீர்மானிப்பதில்லை. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. அரசின் பணம் தாமதமானால் அரசு நிறுவனம் கடன் வாங்கிச் சமாளிக்கிறது. நட்டம் கணக்கில் ஏறுகிறது. நெசவாளர் வீட்டில் விளக்கு எரிகிறது. தனியார் நிறுவனம் அந்த அளவு பொறுக்குமா என்பது ஒப்பந்தத்தில் என்ன எழுதப்படுகிறது என்பதைப் பொறுத்தது. கவலைப்பட வேண்டிய இடம் அதுதான்.

பக்கத்திலேயே புதுச்சேரியில் மின்துறையைத் தனியாரிடம் கொடுக்கும் முயற்சி நடந்தபோது, 2022ல் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். எனவே இந்தப் பேச்சு நம் ஊருக்கு வராது என்று நினைத்துச் சும்மா இருக்க முடியாது. வரும்போது என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும்:

- மானியத்தை அரசு எந்தத் தேதிக்குள் கட்டும்? கட்டாவிட்டால் பயனாளியின் இணைப்பு பாதிக்கப்படாது என்று ஒப்பந்தத்தில் இருக்கிறதா?
- மின்சாரம் வாங்கும் விலை ஏறினால் அதைச் சுமப்பது யார்? முந்த்ரா வழக்கின் பாடம் இது.
- தள்ளிவைக்கப்படும் நிலுவைக்கு வட்டி யார் தலையில்? டெல்லியின் பாடம் இது.
- இப்போதுள்ள ஊழியர்களின் வேலை என்னவாகும்?

கட்டணத்தை மாற்றுவதற்கு முன் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் பொதுமக்கள் கருத்தைக் கேட்க வேண்டும் என்பது சட்டம். அந்தக் கருத்துக் கேட்புக் கூட்டங்களுக்குப் பெரும்பாலும் ஆலை உரிமையாளர்களும் சங்கத் தலைவர்களும்தான் போகிறார்கள். நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களும் ஜமாஅத்துகளும் ஒரு பக்கக் கடிதமாவது எழுதி அனுப்பலாம். பில்லில் தவறு, மீட்டர் கோளாறு போன்ற புகார்களுக்கு ஒவ்வொரு மின்பகிர்மான வட்டத்திலும் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம் இருக்கிறது. அங்கே தீராவிட்டால் மின் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். இவை அரசு நிறுவனத்துக்கும் பொருந்தும், தனியார் நிறுவனத்துக்கும் பொருந்தும்.

டாடா பவர் நூறு ஆண்டு அனுபவம் உள்ள, திறமையான நிறுவனம். டெல்லியில் மின்திருட்டைக் குறைத்தது அதுதான். முல்ஷி விவசாயியின் நிலமும் கட்ச் மீனவரின் முறையீடும் அதே நிறுவனத்தின் வரலாற்றில்தான் இருக்கின்றன. பெயரைப் பார்த்து மயங்கவும் வேண்டாம், அஞ்சவும் வேண்டாம். சின்ன காஞ்சிபுரத்தில் நம்மைக் கேட்ட நெசவாளருக்கு நாம் சொன்ன பதிலும் இதுதான்: "கம்பெனி பேரை விட, ஒப்பந்தத்துல என்ன எழுதியிருக்காங்கன்னு பாருங்க. உங்க மீட்டர் அட்டையையும் பத்திரமா வெச்சுக்குங்க. கைத்தறி வீடுன்னு அதுல பதிவு இருக்கான்னு இன்னைக்கே பாத்துடுங்க."

அன்று மாலையே அவர் பரணிலிருந்து அட்டையை எடுத்துப் பார்த்தார். பதிவு அவருடைய காலஞ்சென்ற தந்தையின் பெயரில் இருந்தது. பெயர் மாற்றத்துக்கு மனு எழுத நாம் உதவினோம். நம் வாசகர் வீடுகளிலும் இப்படிப் பழைய பெயரில் இணைப்பு இருந்தால், முதலில் அதைச் சரிசெய்துகொள்ளுங்கள்.